பெயர் பொறித்த கோட்டெட்சுவா, பெயரில்லாத உதாவா? முதல் நிஹொன்டோ வாங்கும் முன்

#1 கூர்முனை

பாரம்பரிய முறையில் அடித்த ஜப்பானிய வாள் (நிஹொன்டோ) ஒன்று வாங்கத் தீர்மானித்ததில் இரண்டு தெரிவுகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டும் டோக்கியோ வியாபாரிகளிடம் உள்ளவை. விலையும் ஏறக்குறைய ஒன்றே.

அ) வகிசாஷி, அதாவது குறுவாள். நீளம் 1 ஷாகு 7 சுன் (51.5 செ.மீ.). காம்பில் (பிடிக்குள் மறையும் பகுதி) "நாகசோனே ஒகிசாதோ நியூதோ கோட்டெட்சு" என்ற பொறிப்பு. தோரோகுஷோ எனும் அரசுப் பதிவுத் தாள் இருக்கிறது, வேறு சான்று இல்லை. "அரசுப் பதிவு பெற்ற அசல்" என்கிறார் வியாபாரி.

ஆ) கட்டானா, அதாவது நீள வாள். 2 ஷாகு 2 சுன் 8 பு (69.1 செ.மீ.). பொறிப்பு இல்லை, ஒ-சுரியாகே, அதாவது நீளம் குறைத்தது. என்பிடிஎச்கே எனும் வாள் பாதுகாப்புச் சங்கத்தின் ஹோசோன் சான்று உண்டு. எட்சூ நாட்டு (ஜப்பானின் பழைய மாகாணம்) உதா கொல்லர் மரபு என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

எதை எடுக்கலாம்? எதை எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

#2 இரும்புமணல்

அ-வை விட்டுவிடுங்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், இதே வலையில் விழுபவர்கள் நிறைய.

கோட்டெட்சு எச்சிசென் நாட்டில் கவசம் செய்துகொண்டிருந்தவர். ஐம்பது வயதை ஒட்டி எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்து வாள் அடிக்கத் தொடங்கினார், 1678-இல் இறந்தார். வாள் பட்டறையில் நின்ற காலம் குறைவு, தேவையோ மலையளவு. போலிப் பொறிப்பு மிக அதிகமாக விழுந்த பெயர்களில் இது முன்வரிசை. அசல் கோட்டெட்சு ஒன்று சான்று இல்லாமல், ஒரு ஹோசோன் உதாவின் விலைக்கு, டோக்கியோ கடையில் கிடக்காது. ஷின்சா எனும் நிபுணர் தேர்வுக்கு அனுப்பினால் வாளின் விலை பல மடங்கு ஏறும் என்பது அந்த வியாபாரிக்குத் தெரியும். அனுப்பி, திரும்பி வந்திருக்கவும் கூடும்: பொறிப்பு போலி என்று பட்டால் என்பிடிஎச்கே சான்று தராது.

(பெயர்ப் பொறிப்பை ஜப்பானியர் "மெய்" என்பார்கள். தமிழ்க் காதில் அது வேறு பொருளில் விழும் என்பதால் இங்கே பொறிப்பு என்றே எழுதுகிறேன்.)

கோட்டெட்சு என்ற பெயரில் புலியைக் குறிக்கும் எழுத்தின் கடைசிக் கோடு 1664 வாக்கு வரை மேலே துள்ளி முடியும், அதற்கு ஹானே-தோரா என்று பெயர். பிறகு அந்த எழுத்து பெட்டி போலச் சதுரமாகும், அது ஹாகோ-தோரா. இது எல்லாப் புத்தகத்திலும் உள்ள செய்தி, போலி வெட்டியவர்களுக்கும் தெரியும். எழுத்தின் வடிவத்தை விட உளி போன தடத்தைப் பாருங்கள். உளி எஃகைத் தள்ளிக்கொண்டு போகும்போது கோட்டின் கரையில் மெல்லிய மேடு எழும். பழைய பொறிப்பில் அந்த மேடு மழுங்கி, காம்பின் பரப்போடு சேர்ந்தே கறுத்திருக்கும். பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் துரு ஒரே நிறம், ஒரே வழவழப்பு. பிற்காலத்தில் வெட்டியிருந்தால் உளி பழைய துருவை உடைத்துக்கொண்டு போயிருக்கும். பள்ளத்தின் அடியில் துரு இளசாகச் சிவந்திருக்கும். மருந்து பூசி வரவழைத்த துரு விரலில் ஒட்டும், ஆரஞ்சுப் பொடி போல இருக்கும், எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எடோ காலத்திலேயே வெட்டிய போலி என்றால் அந்தத் துருவுக்கும் இருநூறு வயது ஆகியிருக்கும். அங்கே காம்பு மட்டும் தீர்ப்புச் சொல்லாது. வாளின் அமைப்பு, எஃகின் இழை, தோய்ச்சல் வரி (காய்ச்சித் தோய்த்ததில் வெட்டும் விளிம்போரம் விழும் வரி) மூன்றும் அந்தக் கொல்லரோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அசல் கோட்டெட்சு சிலவற்றையாவது நேரில் கண்ட கண் தேவை. முதல் வாள் வாங்குபவர் அந்தச் சூதில் பணத்தை வைக்கக் கூடாது.

#3 மழைநாள்

தோரோகுஷோ அரசு கொடுப்பதுதானே? அதை அசல் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

#4 இரும்புமணல்

பாதி ஆம். தோரோகுஷோவைக் கொடுப்பது மாகாணக் கல்வி வாரியம். பதிவு எண், வகை, நீளம், வளைவு, மெகுகித் துளைகளின் (காம்பைப் பிடியோடு பிணைக்கும் ஆணிக்கான துளைகள்) எண்ணிக்கை, பொறிப்பு ஆகியவை அதில் இருக்கும். இயந்திர எஃகில் செய்த இரண்டாம் உலகப் போர்க்கால வாளை அங்கே பதிவு செய்ய முடியாது. ஆகவே பதிவு இருந்தால் இது பாரம்பரிய முறையில் செய்தது என்ற அளவுக்கு நம்பலாம். பொறிப்பைப் பொறுத்தவரை, காம்பில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை அப்படியே நகல் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். போலிக் கோட்டெட்சுவுக்கும் தோரோகுஷோவில் "கோட்டெட்சு" என்றுதான் இருக்கும்.

என்பிடிஎச்கே 1948-இல் தொடங்கிய வாள் பாதுகாப்புச் சங்கம். இப்போதைய அடுக்கு 1982-இலிருந்து: ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. அதற்கு முந்தைய கிச்சோ, தொகுபெட்சு கிச்சோ சான்றுகளைப் பெரிய பெயர்களுக்கு நம்ப வேண்டாம். பழைய சான்றோடு பெரிய பெயர் விற்பனைக்கு வந்தால், ஏன் இன்னும் புதிய தேர்வுக்கு அனுப்பவில்லை என்பதுதான் முதல் கேள்வி.

சான்று இருந்தாலும் அது இந்த வாளுக்கு உரியதா என்று சரிபாருங்கள். ஹோசோன் தாளில் காம்பின் படம் இருக்கும். துளைகளின் இடம், துருத் திட்டுகள், காம்பு முனையின் வெட்டு மூன்றையும் வியாபாரி அனுப்பும் படத்தோடு ஒப்பிடுங்கள். நீளம் ஒரு பு, அதாவது 3 மில்லிமீட்டர் மாறினாலும் விளக்கம் கேளுங்கள்.

#5 சாணைக்கல்

ஆ-வைப் பற்றி. "ஒ-சுரியாகே" என்ற சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். நீளமான பழைய வாளைக் காம்புப் பக்கம் வெட்டிக் குறைத்து, கீழ்ப்பகுதி அலகையே புதுக் காம்பாக்குவார்கள். அப்படியானால் தோய்ச்சல் வரி, அதாவது ஹமோன், அலகும் காம்பும் சந்திக்கும் மச்சி எனும் படியோடு நிற்காது; காம்புக்குள்ளும் இறங்கி ஓடும். துருவுக்கு அடியில் மங்கலாகத் தெரியும், சாய்த்து ஒளி விட்டால் பிடிபடும். ஹமோன் படியருகே நேராகத் தொடங்கி மேலே போகிறது, காம்பில் சுவடே இல்லை என்றால், அது முதலிலேயே பொறிக்காமல் விட்ட பிற்கால வாளாக இருக்கலாம். "பழைய பெருவாள், குறைத்தது" என்ற கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது.

அடுத்தது ஹமோனைப் பார்க்கும் முறை. பெரும்பாலானோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். படத்தில் வாய்ப்புறம் (வெட்டும் விளிம்பு) பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது ஹமோன் இல்லை. அது ஹாதோரி, மெருகுக்காரர் மெல்லிய கல்லைப் பெருவிரலால் தேய்த்து வெளுத்தது. ஹமோனை ஒட்டிப் போனாலும் அதன் நுணுக்கங்களை மூடிவிடும். இருட்டான அறையில் தனி பல்பு ஒன்று போதும். குழல்விளக்கும் எல்இடி பட்டையும் வேண்டாம். வாளின் முனையை விளக்கின் பக்கம் நீட்டி, ஒளி பட்டுத் தெறிக்கும் இடத்துக்குச் சற்றே கீழே கண்ணை வையுங்கள். அந்தக் கோணம் கிடைத்ததும் வெள்ளை மறைந்துபோகும். அதற்குள்ளிருந்து பனிக்கோடு போல ஒரு வரி எழும். அது நியோய். அதன் மேல் தனித்தனியாக மின்னும் மணிகள் தெரிந்தால் அவை நியெ. அமிலத்தில் அரித்து வரைந்த போலி வரியில் இந்தப் பனிக்கோடு வராது. அந்தக் கோணத்தில் வரி மொத்தமும் மங்கிப்போகும், அல்லது சாயம் போலத் தட்டையாகவே நிற்கும்.

வியாபாரியிடம் இந்தக் கோணத்தில் எடுத்த காணொளி கேளுங்கள். படத்தைத் திருத்தலாம், வாளைத் திருப்பிக்கொண்டே எடுத்த காணொளியில் மறைப்பது கடினம்.

#6 உறைவாசி

இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று யோசியுங்கள்: இன்றைய கொல்லர் அடித்த வாள். ஐந்தாண்டு குருவிடம் பயின்று, ஜப்பான் அரசின் கலாச்சார முகமையின் தேர்வில் தேறியவருக்கே உரிமம். 2 ஷாகுவுக்கு மேற்பட்ட நீள வாள் மாதத்துக்கு இரண்டு, சிறியது என்றால் மூன்று, அதற்கு மேல் அடிக்க அனுமதி இல்லை. எஃகு ஷிமானே மாகாணம் ஒக்குயிசுமோவில் என்பிடிஎச்கே 1977-இல் மீட்டெடுத்த தாதாரா எனும் பாரம்பரிய இரும்பு உலையிலிருந்து வருகிறது. சுமார் 10 டன் இரும்பு மணல், 12 டன் கரி, மூன்று இரவு பகல், கிடைக்கும் 2.5 டன் பாளத்தில் தமஹகானே (வாளுக்கேற்ற எஃகு) என்று தரம் பிரிப்பது ஒரு பகுதியே. போலியா என்ற கேள்வியே எழாது, தேய்மானம் இல்லை, ஹமோன் கூர்மையாக இருக்கும். நானூறு ஆண்டு தேய்ந்த, பெயர் தெரியாத வாளை விட இது கற்றுக்கொள்ள உகந்தது.

#7 சாணைக்கல்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. புது வாள் நலமானது, சரி. ஆனால் உதா வாளின் இழையில் இருக்கும் கருமையும், யமாதோ மரபிலிருந்து வந்த நீரோட்டம் போன்ற நேரிழையும் பழைய எஃகில்தான் காணக் கிடைக்கும். சேகரிப்பவர் கண்ணைப் பழக்க வேண்டிய இடம் அது. ஹோசோன் வாளுக்கு மறுவிற்பனையும் எளிது. புது வாளைக் கொல்லரிடம் கொடுத்த விலைக்கே விற்க முடிவது அரிது.

#8 உறைவாசி

மறுவிற்பனை பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். இழை பற்றியும் சரி, வாள் களைத்துப் போகாமல் இருந்தால். பலமுறை கல்லில் தேய்ந்த வாளில் மேல்தோல் எஃகு போய், உள்ளிருக்கும் மென்மையான ஷின்கானே திட்டுத் திட்டாக வெளியே தெரியும். இழையில்லாமல், சாம்பல் நிறத்தில், ஒளி வாங்காமல் இருக்கும். அப்படி ஒரு திட்டு அலகின் நடுவில் இருந்தால் அந்த உதாவும் வேண்டாம்.

#9 மழைநாள்

பழுதுகளில் எது உயிர்போகும் பழுது, எதைப் பொறுத்துக்கொள்ளலாம்?

#10 சாணைக்கல்

உயிர்போகும் பழுது என்றால் முதலில் ஹகிரே. வாய்விளிம்பிலிருந்து முதுகை நோக்கிச் செங்குத்தாக ஏறும் மயிரிழை விரிசல். தோய்க்கும்போது ஏற்பட்ட இழுவிசையால் வரலாம், வாள் வளைந்து மோதியதால் வரலாம். முழுக்கத் தோய்ந்த எஃகில் இருப்பதால் அடுத்த அடியில் அங்கேயே ஒடியும். சரிசெய்ய வழி கிடையாது. பல நேரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு உருப்பெருக்கியோடு வாயை முனை முதல் படி வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவிய வாளில் இது ஒளிந்துகொள்ளும், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கராசு நோ குச்சி, காக்கை வாய் என்று பொருள்: முனைக்குள் வாய்க்கு இணையாக ஓடிப் பிளக்கும் விரிசல். அதுவும் மோசம். முனையில் ஹமோனின் திருப்பம், அதாவது போஷி, இல்லாமல் போயிருந்தால் முனை ஒடிந்து மறுபடி வடித்தது என்று பொருள், அதையும் தவிர்க்கலாம்.

சைஹா என்பது தீயில் தோய்ச்சல் இழந்து மறுபடி தோய்த்த வாள். படியருகிலிருந்து சாய்வாக மேலேறும் வெண்புகை போன்ற நிழல், மிசுகாகே, ஒரு அறிகுறி. ஆனால் ஹோரிகாவா குனிஹிரோ என்ற கொல்லரின் நல்ல வாள்களிலேயே இந்த நிழல் உண்டு. நிழல் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள். காம்பின் தோல் தீயில் வெந்து செதிலாகியிருக்கிறதா, ஹமோன் அந்தக் காலத்துக்கு ஒவ்வாமல் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடியவை: மடித்தடித்த இழை திறந்து நீளவாக்கில் தெரியும் வரே, சிறிய ஃபுகுரே எனும் கொப்புளம், வாயில் ஒரு மில்லிமீட்டர் பொக்கை. பழைய வாளில் இவை இயல்பு. ஒவ்வொன்றுக்கும் விலை இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஃபுகுரே மட்டும் கவனம்: அடுத்த மெருகில் உடைந்து பள்ளமாகும்.

#11 இரும்புமணல்

இடையில் ஒன்று. "பிஷூ ஒசாஃபுனே சுகேசாதா" என்ற பொறிப்புடன் வாள்கள் மலிவாக வரும். அதில் ஏராளமானவை பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் கும்பலாக அடித்த கசுஉச்சி வகை. "பிசென் நோ குனி ஜூ ஒசாஃபுனே" என்று நாட்டின் முழுப்பெயரோடு தொடங்கி, யோசோசாயெமோன்-நோ-ஜோ போலக் கொல்லரின் வழக்குப் பெயரும் சேர்த்துப் பொறித்தது ஒருவருக்காகச் சிறப்பாக அடித்தது. ஒரே சுகேசாதா, ஆனால் இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பொறிப்பைக் கடைசி எழுத்து வரை படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

#12 மழைநாள்

இரண்டாம் உலகப் போர் அதிகாரிகள் வாள் மலிவாகக் கிடைக்கிறதே, அது?

#13 உறைவாசி

காம்பில் செகி அல்லது ஷோவா முத்திரை இருந்தால் பெரும்பாலும் ஆலை எஃகு, எண்ணெயில் தோய்த்தது. இழை இருக்காது, நியெ இருக்காது. நட்சத்திர முத்திரை இருந்தால் ராணுவ அங்கீகாரம் பெற்ற கொல்லர், தமஹகானேயில் அடித்தது, அது அசல் நிஹொன்டோ. 1933 முதல் 1945 வரை யசுகுனி கோயில் வளாகத்தில் அடித்த யசுகுனி-தோவும் அப்படியே. ஆலை எஃகு வாளை எக்காரணம் கொண்டும் ஜப்பானுக்கு மெருகுக்கோ தேர்வுக்கோ அனுப்பாதீர்கள். பதிவு கிடைக்காது, பறிமுதல் ஆகும், திரும்பி வராது.

#14 கூர்முனை

மிக்க நன்றி. அ-வைக் கைவிட்டாயிற்று. ஆ-வின் படங்களும் காணொளியும் வந்துவிட்டன. காம்பில் மூன்று துளைகள், முனை நேராக வெட்டியது, ஹமோன் இரண்டாவது துளை வரை மங்கலாக இறங்குகிறது. நீளம் சான்றோடு ஒத்துப்போகிறது. முனையிலிருந்து சுமார் 20 செ.மீ. கீழே, வாய்க்கு மேலே 4 மில்லிமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. உருப்பெருக்கிப் படம் கேட்டதில், கோடு வாய்க்கு ஏறக்குறைய இணையாக, இழையோடு வளைந்து 7 மில்லிமீட்டர் ஓடுகிறது. விளிம்பைத் தொடவில்லை. ஹகிரேயா?

#15 சாணைக்கல்

இழையோடு வளைந்து, இணையாக ஓடி, விளிம்பைத் தொடாமல் நின்றால் அது வரே. ஹகிரே இழையை வெட்டிக்கொண்டு செங்குத்தாகப் போகும். மறுபக்கத்தில் அதே இடத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் விலையில் பேசி வாங்கலாம். மெருகுக்குக் கொடுத்து அதை எடுக்க முயல வேண்டாம். 7 மில்லிமீட்டர் கோட்டுக்காக அலகு முழுவதிலும் எஃகைக் கரைக்க வேண்டியிருக்கும், கீழே இன்னும் திறக்கவும் கூடும்.

#16 இரும்புமணல்

வெளிநாட்டுக்கு வருவதற்குக் கலாச்சார முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும், தோரோகுஷோவைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் வியாபாரியே செய்வார். அதற்கு முன் தோரோகுஷோவின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹோசோன் தாள் அசல் உங்களுக்கு வர வேண்டும், நகல் போதாது. இந்தியாவுக்கு என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுத இறக்குமதிக்கு உரிமம் தேவை. பணம் கட்டும் முன்பே அதை முடியுங்கள், சுங்கத்தில் பெட்டி நின்ற பிறகு ஓட வேண்டாம். கைப்பிடி, உறை அலங்காரத்தில் யானைத் தந்தம் இருந்தால் அதைத் தனியே கழற்றி விட்டுவிடச் சொல்லுங்கள்.

#17 உறைவாசி

வந்த பிறகு. பெட்டியை வந்த உடனே திறக்க வேண்டாம். விமானக் குளிரில் வந்த எஃகு ஈரக் காற்றில் பட்டால் வியர்க்கும். ஒரு நாள் அறையில் அப்படியே விட்டு, பிறகு பிரியுங்கள். வாளை எடுக்கும்போது வாய்ப்புறம் மேலே இருக்கட்டும், முதுகு உறையில் உராய்ந்து வரட்டும். பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் கீறல் விழும்.

மெகுகி எனும் மூங்கில் ஆணியைச் சிறு பக்கத்திலிருந்து தட்டி எடுங்கள். இடது கையில் பிடியின் அடியைப் பற்றி, வாளைச் சற்றே சாய்த்து நிறுத்தி, வலது கைமுட்டியால் இடது மணிக்கட்டை மெதுவாகத் தட்டினால் காம்பு தளரும். காம்பைத் துடைக்கவோ தேய்க்கவோ எண்ணெய் ஊறவைக்கவோ கூடாது. அந்தக் கருந்துருதான் அதன் வயதுக்குச் சாட்சி. பழைய எண்ணெயை மென்தாளால் படியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். உச்சிகோ பொடி நுண்ணிய கல்தூள், தேய்க்கும் பொருள். ஒவ்வொரு முறையும் போட்டால் மெருகு மங்கும். தூய ஆல்கஹாலும் புது மென்துணியும் வழக்கமான துடைப்புக்குப் போதும். சோஜி எனும் காப்பு எண்ணெய் கண்ணுக்கு ஈரம் தெரியாத அளவு மெல்லியதாக. சொட்டினால் ஷிரசயாவின் (அலங்காரமில்லாத மர உறை) மரம் குடித்து, தூசி சேர்த்து, வாளில் கோடு போடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது ஜப்பானியக் கணக்கு. கடலோர ஊரில் மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஷிரசயா ஹோனோகி மரத்தின் இரு பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டியது. உள்ளே துரு ஒட்டினால் பிளந்து சுத்தம் செய்யவே அப்படி. வலுவான பசை போட்டு யாராவது ஒட்டியிருந்தால் அந்த உறையை மாற்றுங்கள்.

#18 கூர்முனை

மறுபக்கத்தின் படம் வந்துவிட்டது. அந்த இடம் சுத்தம், கோடு இல்லை. வியாபாரி விலையைக் குறைக்கச் சம்மதித்தார். உரிம விண்ணப்பம் போட்டாயிற்று. அது வரும்வரை வாளை அங்கேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மெகுகி தளர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார், அதை என்ன செய்வது?

#19 சாணைக்கல்

அவரையே புதிதாகச் செருகச் சொல்லுங்கள். பழைய வீட்டு அடுப்புப் புகையில் வருடக்கணக்கில் காய்ந்த சுசுதாகே மூங்கில்தான் வேண்டும். மூங்கிலின் தோல்பக்கம் முழுதாக இருக்க வேண்டும், அதைச் சீவக் கூடாது. மூன்று துளைகளில் பிடியின் துளையோடு நேராக வரும் ஒன்றுக்கு மட்டும் ஆணி போதும்.